வடிவு டீச்சரின் டெர்பியம் கல்

ஓடுகிற பஸ்ஸில் புகை வந்தால் யாருக்குத்தான் பதறாது? 1995-ஆம் வருடம், ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில், பெண்கள் இருக்கைக்குக் கீழேயிருந்து வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து, நின்றவர்களின் காலைத் தொட்டது. ஓர் அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"யம்மா, அது என்ன பாத்திரம்? பொகையுதுல்லா! பஸ்ஸுக்குள்ள அடுப்பெல்லாம் கொண்டாறப்பிடாது, எறங்குங்க."

"அடுப்பில்ல அண்ணாச்சி, குளிரு" என்றாள் இருக்கையில் இருந்த பெண். நாற்பதைத் தாண்டிய வயது, பருத்திச் சேலை, மடியில் திருத்தாத பரீட்சைத்தாள் கட்டு. "தொட்டா வெரல் வெறச்சுப் போவும். தொடாம இருந்தா ஒண்ணுஞ் செய்யாது."

"குளிருக்கு எதுக்கும்மா பொகை?"

"மார்கழி மாசம் வெள்ளன நீங்க வாயத் தொறந்தா பொகை வரலியா? அதே கணக்குதான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சீட்டுக் கட்டை எடுத்தார். பாத்திரத்துக்கு லக்கேஜ் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துத் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார்.

அந்தப் பெண்தான் வடிவம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். மாணவிகளுக்கு வடிவு மிஸ், தெருவுக்கு வடிவு டீச்சர். பாத்திரத்தில் இருந்தது திரவ நைட்ரஜன். அதை அவள் வாங்கி வந்த இடம் மாட்டாஸ்பத்திரி. அப்படிப்பட்ட குளிர் வேண்டுமென்றால் அவளுக்கு வேறு போக்கிடம் தெரியாது. சினை ஊசிக்கான காளை விந்து கெடாமல் இருக்க அங்கே அது எப்போதும் இருப்பில் இருக்கும். அதற்குப் பொறுப்பாளர் அசன் மைதீன், மேலிடத்து அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு வாராவாரம் அவளுக்கு ஊற்றிக் கொடுப்பார். கல்லூரிப் பேராசிரியை ஒருத்தி மாட்டாஸ்பத்திரி வாசலில் பாத்திரத்தோடு நிற்பதைப் பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். வடிவம்மாள் ஒரு காதையும் கொடுக்கவில்லை.

அவள் சுபாவமே அப்படித்தான். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த சைவப் பிள்ளைமார் வீட்டில் நான்காவது பெண். எம்.எஸ்ஸி. முடித்தபோது வரிசையாகப் பெண் பார்க்க வந்தார்கள். "பிள்ளைக்கு என்னல்லாம் செய்யத் தெரியும்?" என்று கேட்ட ஒரு மாமியாரிடம், "ரேடியோ செய்யத் தெரியும்" என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தைக் கலைத்தாள். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். மூன்றாவதாக வந்தவர் தாணுமாலையன், மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அவர் மட்டும் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன வால்வு ரேடியோ?" என்று கேட்டார். கல்யாணம் முடிந்துவிட்டது.

முப்பத்தைந்து வயதில், வேலையை விடாமலே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். "இந்த வயசுல இவளுக்கு எதுக்கு?" என்று உறவில் மூக்கில் விரல் வைத்தார்கள். வழிகாட்டியாக வாய்த்த ஞானசிகாமணி பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்தவர், அவளைவிட ஆறு வயது இளையவர். அவர் அவளை "மேடம்" என்பார், அவள் அவரை "சார்" என்பாள். இந்த மரியாதைக்கு நடுவில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளாத நாள் கிடையாது.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு படிகம். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலைச் சலித்துப் பிரிக்கிறார்களே, அதில் அகப்படுகிற அருமண் தனிமங்களின் குடும்பத்தில் டெர்பியம் என்று ஒன்று உண்டு. காந்தத்தின் முன்னால் டெர்பியம் சும்மா இருக்காது. அது கலந்த படிகம் காந்தம் வந்ததும் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நீளும், சுருங்கும். குளிரில் வைத்தால் இன்னும் நன்றாகக் காந்தத்தின் பேச்சைக் கேட்கும். சில படிகங்களுக்கு இன்னொரு குணமும் சேர்ந்து இருக்கிறது. உருவம் கொஞ்சம் கோணினாலே அவற்றின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் மின்சாரம் துளிர்க்கும். இந்த இரண்டு குணமும் ஒரே கல்லில் கூடியிருந்தால், காந்தத்தைக் காட்டியே கல்லிலிருந்து மின்சாரம் வாங்கலாம். நடுவில் கம்பிச் சுருள் வேண்டாம், சுழலும் சக்கரம் வேண்டாம், கல் மட்டும் போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லை வளர்த்தால் அல்லவா வாங்குவதற்கு? டெர்பியம், மாலிப்டினம் என்ற இரண்டு உலோகங்களின் ஆக்சைடுகளை உலையில் உருக்கி, வாரக்கணக்கில் பைய ஆறவிட்டு, கடைசியில் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் தூள் இருக்கும். அல்லது பாதி வழியில் கரண்ட் போய், அத்தனையும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இப்படி நாலு வருடம் போயிற்று. ஒரு நாள் துவரம்பருப்பு அளவில், கண்ணாடி போலத் தெளிந்த ஒரு கல் கிடைத்தபோது வடிவம்மாள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு துறை வராந்தா முழுக்க ஓடினாள். அவள் ஓடி யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கல்லின் இரண்டு முகத்திலும் வெள்ளிப் பூச்சு பூசி, மெல்லிய கம்பி ஒட்டி, ஒரு குழாயின் அடியில் பொருத்தி, நைட்ரஜனில் இறக்கி, பெரிய மின்காந்தத்துக்கு நடுவில் நிறுத்தினாள். காந்தத்தை ஏற்றினாள். மின்னளவியின் முள் நகர்ந்தது. கல் பேசிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாள். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. தேர்வாளராக இருந்து அதைத் திருப்பியவர் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர், பெயர் கோபாலசுப்பிரமணியன். தாமிரபரணிக் கரையில் ஓர் அக்ரஹாரத்தில் பிறந்து, படிப்பைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போனவர். சொந்த ஊர்ப்பக்கத்து ஆளாயிற்றே என்ற ஈவு இரக்கம் எதுவும் அவர் அறிக்கையில் இல்லை. காந்தம் ஏறும்போது கம்பி அசைந்திருக்கிறது, அசைந்த கம்பியில் பிறந்த மின்சாரத்தை இந்த ஆய்வாளர் படிகத்தின் தலையில் கட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தார். இரண்டே வரி. ஏழு வருட உழைப்புக்கு அவர் செலவழித்தது அவ்வளவுதான்.

தாணுமாலையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தாளு வந்து பாத்தாரா, கம்பி ஆடுச்சுன்னு?"

"பாக்கலத்தான்."

"பாக்காம எப்படி எழுதலாம்?"

"எழுதலாம். அந்தச் சந்தேகம் மொதல்ல எனக்குல்லா வந்திருக்கணும். எனக்கு வரலியேன்னுதான் வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள் வடிவம்மாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்தாள்.

வழி கிடைத்தது தெருமுனையில். பால் வாங்கக் காத்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் உள்ளே இருக்கிற இரும்பு நீண்டு சுருங்குகிற சத்தம் என்று வகுப்பில் வருடா வருடம் சொல்லுகிறவள்தான் அவள். மின்சாரம் இந்தப் பக்கம் பாய்ந்தாலும் இரும்பு நீளும், அந்தப் பக்கம் பாய்ந்தாலும் அதேதான். இரும்புக்கு வடக்கு தெற்கு பேதம் கிடையாது. கம்பிக்கு உண்டு. காந்தத்தைத் திருப்பிப் போட்டால் கம்பியில் பிறக்கும் மின்சாரமும் திரும்பிவிடும். இரும்பைப் போல நீளுகிற கல்லில் பிறப்பது திரும்பாது. இவ்வளவு சின்ன விஷயம் ஏழு வருடம் கண்ணுக்கு முன்னால் உறுமியும் காதில் விழவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

காந்தத்தின் வடக்கையும் தெற்கையும் மாற்ற ஒரு பெரிய கைப்பிடி ஸ்விட்சைத் தாணுமாலையனும் அவளும் சேர்ந்து அமைத்தார்கள். கம்பி அசையவே கூடாது என்று குழாயை நாலு போல்ட் போட்டு இரும்புச் சட்டத்தில் இறுக்கினார்கள். மறுபடி மாட்டாஸ்பத்திரி, மறுபடி பஸ், மறுபடி புகை. காந்தத்தை இப்படிப் போட்டாள், முள் வலப்பக்கம் போயிற்று. திருப்பிப் போட்டாள், அப்போதும் வலப்பக்கமே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருடம் பொறுமையாக அளந்து, திரும்ப எழுதிக் கொடுத்தாள்.

இந்த முறை பெங்களூர்க்காரர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வாய்மொழித் தேர்வுக்குத் தானே வருவதாகவும், முள் நகர்வதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். பார்க்காவிட்டால் பட்டம் இல்லை. அவளுடைய பதிவுக் காலமும் அந்த டிசம்பரோடு முடிகிறது, இன்னொரு நீட்டிப்புக்கு இடமில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. 1996 நவம்பர் முதல் வாரத்தில், தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்பு சரஸ்வதி பூஜை வந்தது. ஆய்வுக்கூடத்தைக் கழுவித் துடைத்து, மின்காந்தத்துக்கு மாலை போட்டு, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொரிகடலை கொடுத்தார்கள். விஜயதசமியன்று வடிவம்மாள் ஈரத்துணியால் எல்லாப் பொட்டையும் ஒழுங்காகத் துடைத்து எடுத்தாள். கருவி விஷயத்தில் அவள் கண் கொத்திப் பாம்பு.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் ஒத்திகை பார்த்தார்கள். ஐப்பசி அடைமழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. வெளியூர்ப் பேராசிரியர் இரவு ரயிலில் ஏறப்போகிறார். காந்தம் ஏறியது. முள் வலப்பக்கம் ஓர் எட்டு வைத்தது. வைத்த வேகத்தில், வெட்கப்பட்டதுபோலத் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முறை போட்டாள். அதே கதை.

"எங்கயோ ஒழுகுது" என்றாள் வடிவம்மாள்.

கல்லில் துளிர்க்கிற மின்சாரம் சொட்டுச் சொட்டானது. அதற்கு ஒரு சின்னச் சந்து கிடைத்தால் போதும், முள்ளைப் பிடித்து நிறுத்த மிச்சம் இருக்காது. கேபிளை மாற்றினார்கள். மின்னளவியைத் தனியாகச் சோதித்தார்கள், அது சரியாக இருந்தது. வெள்ளிப் பூச்சு விட்டுப்போயிருக்கும் என்று ஞானசிகாமணி சொன்னார். குழாயை மேலே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், பூச்சு அப்படியே இருந்தது. மத்தியானம் ஆயிற்று, யாரும் சாப்பிடவில்லை. தாணுமாலையன் போன் செய்து, "நாளைக்குக் கேசரிக்குச் சொல்லிரவா?" என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

நாளைக்கு முள் நகராவிட்டால் அந்த மனுஷன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். பட்டம் போனால் போகட்டும். கல் பேசியது என்பது பொய்யாகிவிடுமே என்று வடிவம்மாள் குழாயை மறுபடி கையில் எடுத்தாள்.

குழாயின் தலையில் இரண்டு கம்பிகளும் வெளியே வருகிற இடத்தில் டெஃப்லான் வட்டு ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கும். மின்சாரத்தை ஒட்டவிடாது, தண்ணீரையும் ஒட்டவிடாது. குளிரிலிருந்து எடுத்த குழாய் ஆகையால், மழைக்காலத்து ஈரக்காற்றில் அந்த வட்டின்மேல் பனி படிந்திருந்தது. வடிவம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வட்டு முழுக்க நீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. நடுவில் மட்டும் உருளவில்லை. அங்கே நீர் பரவி, மூன்று கோடுகளாகப் படுத்திருந்தது. சம இடைவெளியில், இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிவரை, மூன்று கோடுகள்.

சைவ வீட்டில் பிறந்த எவருக்கும் அந்த மூன்று கோட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வடிவம்மாள் தன் வலது கையை விரித்து நடு விரல்கள் மூன்றையும் பார்த்தாள். பூஜையன்று எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்த கை, இந்த வட்டுக்கு மட்டும் போதாது என்று தன் இஷ்டத்துக்குத் திருநீறும் பூசியிருக்கிறது. இத்தனை நாள் கூடவே உழைத்த பொருள் ஆயிற்றே என்ற பிரியம். சந்தனமும் குங்குமமும் கண்ணில் பட்டன, துடைத்துவிட்டாள். வெள்ளையில் வெள்ளை கண்ணில் படவில்லை. சாம்பலில் உப்பு உண்டு, உப்பு ஈரத்தை விடாது. ஈரம் பிடித்த மூன்று கோடும் கம்பிக்குக் கம்பி பாலம் போட்டுவிட்டன.

ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். அவர் சாயர்புரத்துக் கிறிஸ்தவர். ஆனாலும் திருநெல்வேலியில் வளர்ந்தவர், புரிய அரை நொடிதான் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மேடம், கரெக்டா இந்தக் கம்பில தொடங்கி அந்தக் கம்பில முடிச்சிருக்கிய. வேணும்னே செய்யச் சொன்னாக்கூட எனக்கு இப்படி வராது."

"சிரிக்காதீய சார். சாமி மேல குத்தம் இல்ல. பூசுனது என் வெரலு" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணிலும் நீர் வந்தது.

திருநீற்றைச் சாக்கடையில் விட அவளுக்கு மனசு ஒப்பவில்லை. வட்டை ஸ்பிரிட்டில் கழுவி, கழுவிய நீரை ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு போய், மழையில் நனைந்தபடி கல்லூரி வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். வட்டை விளக்குச் சூட்டில் காயவைத்து மாட்டினார்கள். சாயங்காலம் முள் வலப்பக்கம் போய், போன இடத்தில் நின்றது. கேசரிக்குச் சொல்லலாம் என்று தாணுமாலையனுக்குத் தகவல் போயிற்று.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் நிற்க இடமில்லை. மாணவிகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். தாணுமாலையன் இஸ்திரி போட்ட சட்டையோடு பின்வரிசையில் இருந்தார். அசன் மைதீன், இன்றைக்கு டீச்சர் பஸ்ஸில் வர வேண்டாம் என்று தானே ஸ்கூட்டரில் நைட்ரஜனைக் கொண்டுவந்து, தானே ஊற்றியும் கொடுத்தார். கோபாலசுப்பிரமணியன் ஒல்லியாக, நெட்டையாக, சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது.

வடிவம்மாள் காந்தத்தை ஏற்றினாள். முள் வலப்பக்கம் போயிற்று. இறக்கி, கைப்பிடியைத் திருப்பி, மறுபடி ஏற்றினாள். வலப்பக்கமே போயிற்று. ஜன்னலில் கைதட்டல் எழுந்தது. அவள் மூச்சு விட்டாள்.

கோபாலசுப்பிரமணியன் கைதட்டவில்லை. எழுந்து வந்து மின்காந்தத்தின் சுருள்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கம்பி அசையவில்லை, ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் இந்தச் சுருள் சுடுகிறது. இப்படிப் போட்டாலும் சுடும், திருப்பிப் போட்டாலும் சுடும். உங்கள் படிகம் துளி சூடு பட்டாலும் மின்சாரம் காட்டுகிற ஜாதி. முள்ளைத் தள்ளுவது சூடாக இருந்தால்?"

கேள்வி நியாயமான கேள்வி. அதுதான் வடிவம்மாளைச் சுட்டது.

"படிகத்தைக் கால் வட்டம் திருப்புங்கள்" என்றார் அவர். "சூடாக இருந்தால் கல் எப்படித் திரும்பி நின்றாலும் முள் அதே பக்கம்தான் போகும். உங்கள் கல்லாக இருந்தால் என்ன ஆகும்? திருப்பியபிறகு சொல்லாதீர்கள். இப்போதே சொல்லுங்கள்."

அதை அவள் அளந்ததே இல்லை. கம்பி அசைந்தது என்று அவர் எழுதிய இரண்டு வரிக்குப் பயந்து குழாயை நாலு போல்ட்டில் இறுக்கியவள், அதற்கப்புறம் அதைத் திருப்பவே இல்லை. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் தேர்வு இத்தோடு முடிந்தது. தவறாகச் சொன்னாலும் முடிந்தது. எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும், அதைக் கல் கேட்டு நடக்க வேண்டும்.

அவள் கண்ணை மூடினாள். கல்லுக்குள் காந்தம் எப்படி இழுக்கிறது என்று மனசுக்குள் பார்த்தாள். மேலிருந்து பார்த்தால் அது ஒரு சதுரம். காந்தம் அதை மூலைக்கு மூலை இழுக்கிறது. நாலு வருடம் அவள் அதைக் கையில் வைத்திருக்கிறாள், சமையலறையிலும் பஸ்ஸிலும் அதையே நினைத்திருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது அவளிடம் இங்கிலீஷ் மிச்சமில்லை.

"சார், கயித்துக் கட்டில் பாத்திருக்கியளா? மூட்டு ஆடிப்போன கட்டில்?"

அவர் புருவத்தை உயர்த்தினார். "எங்காத்துலயே இருந்தது."

"அதுல இந்த மூலையையும் எதுத்த மூலையையும் புடிச்சு இழுத்தா, கட்டில் இந்தப் பக்கமாக் கோணும். மத்த ரெண்டு மூலையப் புடிச்சு இழுத்தா அந்தப் பக்கமாக் கோணும். கால் வட்டம் திருப்புனா காந்தம் மத்த ரெண்டு மூலையப் புடிக்கும். கல்லு மறுபக்கம் கோணும். கோணல் மாறுனா மின்சாரமும் மாறணும்." அவள் மின்னளவியைக் காட்டினாள். "முள்ளு எடப்பக்கம் போவும் சார். வலது எவ்வளவு போச்சோ, கிட்டத்தட்ட அவ்வளவு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தாணுமாலையன் ஸ்பானரோடு எழுந்து வந்தார். நாலு போல்ட்டையும் தளர்த்தினார்கள். வடிவம்மாள் குழாயைத் தன் கையாலேயே கால் வட்டம் திருப்பினாள், மறுபடி இறுக்கினார்கள். குளிர் அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் கை காந்தத்தின் குமிழைப் பிடித்தது.

முள் முதலில் அசையவில்லை. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. பைய நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, வலப்பக்கம் முன்பு எட்டிய கோட்டுக்கு நேர் எதிர்க் கோட்டைத் தொட்டு, அங்கேயே நின்றது.

யாரோ ஒரு பெண் கூவினாள். அப்புறம் எல்லாரும் கூவினார்கள். அசன் மைதீன் "மாஷா அல்லாஹ்!" என்று சத்தமாகச் சொன்னார். ஞானசிகாமணி நாற்காலிமேல் ஏறிவிட்டார், ஏன் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கோபாலசுப்பிரமணியன் முள்ளையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இத ஏன் நீங்க ஆய்வேட்டுல எழுதல?" என்றார். அவரும் இங்கிலீஷை விட்டுவிட்டார்.

"இப்பத்தான சார் நானே பாக்கேன்."

"பாக்காமலா அவ்வளவு தைரியமாச் சொன்னேள்?"

"பாக்கலதான். கல்லத் தெரியும்லா சார்."

அவர் நிமிர்ந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கம்பி ஆடலை. சூடும் இல்லை. இது கல்தான். நான் எழுதினது தப்பு, இந்த அம்மா சொன்னதுதான் சரி."

வடிவம்மாளுக்கு மனசு நிறைந்து வழிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றும் பட்டதில்லை, பிள்ளை பிறந்தபோதும் பட்டதில்லை. பட்டம் என்ற நினைப்பே அந்த நிமிஷத்தில் அவளுக்கு இல்லை. தாணுமாலையன் கேசரித் தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது.

"சார், இன்னொரு தடவ திருப்பட்டுமா?"

"நேக்கு இனிமே சந்தேகம் இல்லம்மா."

"சந்தேகத்துக்கு இல்ல சார். சும்மா, பாக்கதுக்கு."

அவர் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. நாற்காலியை இழுத்து முள்ளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "திருப்புங்கோ" என்றார்.

தாணுமாலையன் போல்ட்டைத் தளர்த்தினார், அவள் திருப்பினாள். "வலது!" என்று ஜன்னலில் இருந்த மாணவிகள் கத்தினார்கள். மறுபடி திருப்பினாள். "இடது!" பாத்திரத்தில் நைட்ரஜன் தீர்ந்து முள் தானாகச் சோர்ந்து நடுவில் வந்து நிற்கும்வரை வடிவம்மாள் அந்தக் கல்லைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.